கூடம் முழுங்கிய கைத்தட்டல்

—லைட்டைப் போட்டுடாதீங்க! சுவத்துலயும் கை வைக்காதீங்க! யாரது, வந்துட்டு வாயத் திறக்காம நிக்கிறது?

—நான்... அதாவது, கதவு திறந்திருந்துச்சு. கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே சரியாக் கேக்கல.

—கேக்காதுதான். கதவைச் சாத்திட்டுப் போங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட ஆயிரம் தடவ சொல்லியாச்சு. சாப்பாடு வாங்கப் போற அவசரம். சத்தம் பதியறவருக்குக் காது இந்த லட்சணம்! சரி, உள்ள வந்து இழுத்துச் சாத்துங்க. மெதுவா.

—பட்டப்பகல்ல இந்த இருட்டுல எப்படிம்மா வேல செய்யறீங்க?

—விளக்கு முனகும்ணே. நம்ம காதுக்குத் தெரியாது, மைக்குக்குத் தெரிஞ்சுடும். அதனால பதிவு பண்றப்ப எல்லாத்தையும் அணைச்சிடுவோம். பழகிட்டா இருட்டு ஒண்ணும் பண்ணாது. நீங்க யாருன்னு சொல்லவே இல்லையே?

—நானா? நான் வந்து... டிரைவர். கலாசார அமைச்சரோட டிரைவர். திறப்பு விழாவுக்கு வந்தப்ப ஐயா குடைய இங்கயே விட்டுட்டுப் போயிட்டார். எடுத்துட்டு வரச் சொன்னார்.

—அட, அமைச்சர் வீட்டு ஆளா! உக்காருங்க டிரைவர் அண்ணே. வலது பக்கம் ஒரு நாற்காலி இருக்கும் பாருங்க. அய்யய்யோ, அது இல்ல. அது கீச்சுகீச்சுன்னு கத்தும், கப்பல் சீனுக்கு வச்சிருக்கேன். அதுக்கு அடுத்தது.

—கப்பலுக்கு நாற்காலியா?

—படத்துல கப்பல் ஆடினா மரம் முனகணும்ல? யாரு உக்காந்து முனகறது, நான்தான். படத்துக்குச் சத்தம் செய்யறதுதான் என் தொழில். எங்க வீட்டுக்காரர் கூப்பிடறதே சத்தக்காரின்னுதான். குடைய அப்புறம் தேடலாம், முதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்க ஐயாவுக்குக் கோவம் தணிஞ்சுதா?

—கோவம்னு இல்லம்மா. அதாவது, மனசு விட்டுப் போச்சு.

—நாளைக்கு அமைச்சரவைக் கூட்டத்துல இந்தக் கூடத்தைக் கிடங்குத் துறைக்குத் தூக்கிக் குடுத்துடப் போறாங்களாமே? உடைஞ்ச மேசை நாற்காலி போட்டு வைக்க. நிஜமா?

—நிஜம்தான். நிதி அமைச்சர் ஆரம்பத்துலேர்ந்தே வேண்டாம்னார். சினிமாவுக்கு டமால் டுமீல் போட ஜனங்க வரிப்பணமான்னு சிரிச்சார். மத்தவங்களும் சேர்ந்து சிரிச்சாங்க. அதாவது, ரோடு போட்டா காட்டலாம், பாலம் கட்டினா காட்டலாம், சத்தத்துக்குக் கட்டடம் கட்டினா என்னத்தக் காட்டறது? அப்படியும் எங்க ஐயா ஒத்தையா நின்னு மல்லுக்கட்டி வாங்கினார். கடைசில திறப்பு விழாவுல பேசி முடிச்சா... கூடம் நிறைய ஆளுங்க. ஒரு கை, ஒரே ஒரு கை தட்டலம்மா.

—தட்டினாங்கண்ணே!

—என்னம்மா நீங்க. விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்திக்கிட்டு இருந்துச்சு, எதிர்ல ஒரே இருட்டு. சத்தம் ஒண்ணுதான் கணக்கு. அது வரல. ஈரத் துணிய யாரோ தூரத்துல உதறின மாதிரி ரெண்டு பொத்து பொத்து, அவ்வளவுதான். அவமானம் தாங்காம, வச்ச தண்ணியக்கூடக் குடிக்காம இறங்கிப் போயிட்டார்.

—என் புத்தியச் செருப்பால அடிக்கணும். எல்லாம் என்னால வந்த வினை. விழாவ வாசல்ல பந்தல் போட்டு நடத்தலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான்தான், இவ்வளவு அருமையான கூடத்தைக் கட்டிக் குடுத்துட்டு வெயில்ல நிக்க வைக்கறதா, உள்ளதான் நடத்தணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். சத்தத்தை முழுங்கற கூடத்துல போய் கைத்தட்டல எதிர்பார்த்தேன் பாருங்க! எங்கள மாதிரி ஆளுங்களத் தவிர உலகத்துல வேற எவனும் இந்தத் தப்பப் பண்ண மாட்டான்.

—முழுங்கறதுன்னா?

—கையத் தட்டிப் பாருங்க. பலமா.

—...

—தட்டுங்கண்ணே.

—தட்டிட்டேனே! அய்யோ, என்னம்மா இது? என் கைதானா? தட்டினது எனக்கு வலிக்குது, காதுக்குப் பாதிகூட வரலையே!

—சுவத்துல பாருங்க, இல்ல இல்ல, பார்க்க முடியாது, நான் சொல்றேன். நாலு சுவரு, கூரை, எல்லாத்துலயும் முழ நீளத்துக்குப் பஞ்சு முக்கோணம். போற சத்தம் அதுக்குள்ள புகுந்தா திரும்பி வராது, மாமியார் வீட்டுக்குப் போன சாமான் மாதிரி. தரை ரப்பர் மேல மிதக்குது. கட்டடத்துக்குள்ள இன்னொரு கட்டடம் கட்டி, ஒண்ணை ஒண்ணு தொடாம வச்சிருக்காங்க. வெளிய லாரி போனாலும் இங்க தெரியாது. இப்பக் கொஞ்சம் மூச்சை அடக்கி உக்காருங்க. காதக் குடுங்க.

—ம்.

—பேசாதீங்க.

—...ஏதோ மிஷின் ஓடுதேம்மா. டொப்பு டொப்புன்னு. ஆஃப் பண்ணலையா?

—அது உங்க நெஞ்சுண்ணே.

—என்னது!

—நெஞ்சுதான். அதுக்கு மேல ஒரு சன்னமான ஊதல் கேக்குதா? காதுக்குள்ள ரத்தம் ஓடறது. தலையத் திருப்புங்க, மணல் நறநறங்கற மாதிரி கேக்கும். கழுத்தெலும்பு.

—அடேங்கப்பா. இத்தனை வருஷம் எனக்குள்ள இவ்வளவு வேல நடந்துக்கிட்டு இருந்துச்சா? ஒரு நாளும் ஒரு சத்தம் குடுக்கலையே. புல்லரிக்குதும்மா. நிஜமா, கையெல்லாம் முடி நட்டுக்கிச்சு.

—முதல் நாள் எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒரு பெரிய சந்நிதியில நிக்கற மாதிரி இருந்துச்சு.

—சரி, எல்லாத்தையும் இப்படி முழுங்கிட்டா அப்புறம் எதைப் பதியறது?

—உள்ளதெல்லாம் போனாத்தானேண்ணே இல்லாததச் செய்ய முடியும்? அப்படியே உக்காந்திருங்க. ரெண்டடி தள்ளி வரேன். காதக் குடுங்க.

—யாரோ நடக்கறாங்க... மண்ணுல இல்ல. பனியா? பனிதான். கருக்கு, கருக்குன்னு... நான் கண்ணால பனியவே பார்த்ததில்ல, ஆனா குளிருதே! தூரத்துலேர்ந்து வரார். கனத்த ஆள். சோந்து போயிருக்கார். நின்னுட்டார். ஏம்மா நின்னுட்டார்?

—கை வலிச்சுது, நிறுத்திட்டேன். துணிப்பையில கஞ்சி மாவு. அமுக்கினேன், அவ்வளவுதான்.

—பொய்!

—பையைத் தொட்டுப் பாருங்க. தொட்டாச்சா? இப்பக் குனிஞ்சுக்குங்க.

—எதுக்கு? ஆ! தலைக்கு மேல ஏதோ பறந்து போச்சு! புறாவா உள்ள இருக்கு?

—தோல் கையுறை. ஒரு ஜோடி. உதறினேன்.

—அம்மா தாயே! சின்னப் புள்ளையாக்கிட்டீங்க என்னை. இன்னொண்ணு செய்யுங்க.

—இப்ப அசையாம இருங்க. இது பெருசு. வட்டத் தட்டு, கீழ கம்பி வலை, அதுல காஞ்ச பட்டாணி. சொல்லிட்டேன், தெரிஞ்சே கேளுங்க. பட்டாணிதான்.

—...

—...

—அம்மா... தண்ணி வருதும்மா.

—ம்.

—போகுது... இழுத்துக்கிட்டுப் போகுது. கூழாங்கல்லெல்லாம் உருளுது. மறுபடி வருது. பெரிய அலை. நல்லா இருட்டின கடல். ஒரு படகு இல்ல. போதும், போதும்மா, நிறுத்துங்க, எனக்கு என்னமோ பண்ணுது.

—காலைத் தூக்கிட்டீங்கல்ல?

—இல்லையே.

—தூக்கிட்டீங்கண்ணே. நாற்காலி காட்டிக் குடுத்துடுச்சு. பட்டாணின்னு சொன்ன பிறகும் கால் நனையும்னு தூக்கினீங்க. இதத்தான் நாங்க விக்கறோம்.

—முன்னாடியெல்லாம் இத எங்க செஞ்சீங்க?

—எங்க வீட்டுத் துணி அலமாரிக்குள்ள. கம்பளியத் தொங்கவிட்டு, உள்ள உக்காந்து, வேர்த்து வடிஞ்சு. அவர் வெளிய மிஷினோட. ஒரு தடவ ராஜா குதிரையில கம்பீரமா கோட்டைக்குள்ள வரார், பின்னாலயே பஸ் ஹாரன்! படம் வெளிவந்த பிறகுதான் கண்டுபிடிச்சோம். தியேட்டர்ல ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது, நான் சேலையால முகத்தை மூடிக்கிட்டேன். அதோட பெரிய கம்பெனியெல்லாம் எங்ககிட்ட வரதையே நிறுத்திட்டு, வெளிநாட்டுல செஞ்சு வாங்க ஆரம்பிச்சாங்க. அங்க செஞ்சா என்ன ஆகும்? நம்ம ஊர்ப் படத்துல நம்ம வீட்டுக் கதவு திறக்கும், சத்தம் மட்டும் எவன் வீட்டுக் கதவோ திறக்கற மாதிரி இருக்கும். நம்ம அம்மா தண்ணி ஊத்துவா, வேற யாரோ பாத்திரத்துல விழும்.

—இதை நான் யோசிச்சதே இல்ல.

—யாருமே யோசிக்க மாட்டாங்க. ஆனா மனசுக்கு எங்கயோ இடிக்கும். இந்தக் கூடம் வந்த பிறகு, படத்துல நம்ம கதவு நம்ம கதவு மாதிரியே கத்துதுண்ணே. பக்கத்து அறையில கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யறவங்க இருக்காங்க. அவங்க பூதத்துக்கு நான்தான் ஏப்பம் விடறேன். கண்ணு தெரியாதவங்களுக்கு நாடகம் பதியற அக்கா ஒருத்தங்க வராங்க. இந்தத் தரைய இழைச்ச ஆசாரி இப்ப மேடை செட்டு போடறார், ஆளெடுத்து வேல வாங்கறார். ஒரு கட்டடத்துக்குள்ள இவ்வளவு பேர் சோறு. இதெல்லாம் நடக்கும்னு உங்க ஐயா அன்னைக்கே மேடையில சொன்னார். அழகாச் சொன்னார்.

—எங்க அழகா? நான் பேசி முடிச்சு நிமிந்தப்ப...

—நீங்களா?

—அதாவது, ஐயா. ஐயா நிமிந்தப்ப.

—போதும்ணே. எவ்வளவு நேரம்தான் ரெண்டு பேருமா பேசுவீங்க? கதவுகிட்ட நின்னு முதல் 'அதாவது' சொன்னீங்களே, அப்பவே தெரிஞ்சு போச்சு. பேச்சு மறந்தாலும் மேடையில விட்ட அத்தனை அதாவதும் மறக்குமா?

—அப்ப டிரைவர் அண்ணே, டிரைவர் அண்ணேன்னு இவ்வளவு நேரம்...

—டிரைவர்னு சொன்னது நீங்க. பெரியவங்க சொன்னா மறுத்துப் பேசறதா?

—என்னை வச்சு வேடிக்கை பார்த்திருக்கே!

—இல்லண்ணே, சத்தியமா இல்ல. அமைச்சர்னு தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா நான் காலைப் பிடிச்சுக் கெஞ்சணும், நீங்க பார்க்கலாம்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. டிரைவர்னா கடலைக் காட்டலாம்.

—இன்னும் அண்ணேன்னுதான் கூப்பிடறே.

—இருட்டுல அண்ணன்தான். வெளிச்சத்துக்குப் போனதும் ஐயான்னு கூப்பிடறேன்.

—அண்ணன்னே கூப்பிடும்மா. அந்த ஐயா எனக்கு அலுத்துப் போச்சு. குடையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நாளைக்குக் கூட்டத்துல எதுத்துப் பேச எனக்குத் தெம்பு இல்ல. விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன். கிடங்குக்காரங்க கைக்குப் போறதுக்கு முன்னால, அப்படி என்னதான் கட்டினேன்னு ஒரு தடவ தனியா பார்த்துட்டுப் போக வந்தேன். அன்னைக்குக் கார்ல கண்ணாடிய ஏத்திவிட்டு அழுதேன், தெரியுமா? யாருக்காக இத்தனை பேர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேனோ, அவங்களே கை தட்டலன்னா, நான் யாருக்குக் கட்டினேன்?

—எழுந்திரிங்கண்ணே. என் தோளைப் பிடிச்சுக்குங்க. நாலு எட்டு வச்சா கண்ணாடி அறை. அங்க உக்காருங்க. இந்த ஹெட்ஃபோனைக் காதுல மாட்டிக்குங்க.

—இது என்ன, பாம்பா புலியா?

—அன்னைக்கு நீங்க பேசி முடிச்ச நிமிஷம். ஜனங்க தலைக்கு மேல மைக் தொங்கிச்சு. உங்க காதுக்கு வராதது அதுக்கு வந்துச்சு. காதக் குடுங்க.

—...

—கேக்குதா?

—ஒருத்தர் தட்டறார்... ரெண்டு பேர்... அய்யோ. அய்யய்யோ, இது எவ்வளவு பேரு! மழை பிடிச்ச மாதிரி இருக்கே! இது எனக்கா? எனக்கா தட்டறாங்க?

—வேற யாருக்கு?

—நிக்கவே இல்லையேம்மா. போய்க்கிட்டே இருக்கு. இரு, இந்தப் பக்கம் ஒருத்தர் பொத்து பொத்துன்னு தட்டறாரே, அது யாரு?

—நம்ம வாட்ச்மேன். விழாவுக்குன்னு வெள்ளைக் கையுறை குடுத்தோம். கழட்ட மனசு வரல அவருக்கு.

—இது சொரசொரன்னு...

—தரை இழைச்ச ஆசாரி. உள்ளங்கை அப்படியே உப்புத்தாள்.

—சலசலன்னு வளையல் கேக்குது.

—நாடகம் பதியற அக்கா. அவங்க எழுந்து நின்னு தட்டினாங்க.

—எல்லாரும் ஓஞ்ச பிறகும் ஒரு சின்னக் கை, டப்பு டப்புன்னு...

—மூணாவது வரிசையில ஒரு பாப்பா. அதோட அம்மா கையப் பிடிச்சு நிறுத்த வேண்டியதாயிடுச்சு.

—கடவுளே. நான் பாட்டுக்கு இறங்கிப் போயிட்டேனே. அந்தக் குழந்தை தட்டிக்கிட்டே இருந்திருக்கு, நான் முதுகைக் காட்டிட்டுப் போயிருக்கேன். இன்னொரு தடவ போடும்மா. ஆரம்பத்துலேர்ந்து.

—போட்டாச்சு.

—இரு. இரு இரு. இது... கனமா, நிதானமா ஒரு கை. ஒவ்வொரு தட்டுக்கும் டிக்குன்னு ஒரு சத்தம். இந்த டிக் எனக்குத் தெரியும்! இது மோதிரம்! மேசையில இந்த மோதிரத்தைத் தட்டித் தட்டித்தான் என் திட்டம் ஒவ்வொண்ணையும் தள்ளிவிட்டார். நிதி அமைச்சர்!

—முன் வரிசையிலதானே உக்காந்திருந்தார்.

—அவரா? அவரா எனக்குக் கை தட்டினார்? அந்த மனுஷனுக்குள்ள இப்படி ஒரு மனசா? வெளிய வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசிட்டு, உள்ள... நான் எவ்வளவு தப்பா நினைச்சுட்டேன் அவரை. ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. பட்டாணிய உருட்டிக் கடல் செஞ்சவ நீ. இது செஞ்ச சத்தம் இல்லையே?

—அத்தனை பேர் கைத்தட்டல ஒரு பொம்பளை ஒண்டியா செய்ய முடியுமாண்ணே?

—முடியாது. எப்படி முடியும்? பாப்பா கையும் ஆசாரி கையும் ஒண்ணாகுமா? புத்தி கெட்டுப் போய்க் கேட்டுட்டேன், மன்னிச்சுக்கோ. நான் வரேன்மா. நாளைக்குக் கூட்டத்துல எவன் என்ன சொன்னாலும் இந்தக் கூடத்துல ஒரு செங்கல்லக்கூட விட்டுக்குடுக்க மாட்டேன். சிரிக்கறவன் சிரிக்கட்டும். அதுக்கு முன்னால ஒரு வேல இருக்கு.

—எங்கண்ணே இவ்வளவு அவசரமா? பார்த்து, வாசல்ல படி.

—தெரியுது, தெரியுது, வெளிச்சம் வந்துடுச்சு. நேரா நிதி அமைச்சர் வீட்டுக்கு! அவர் கையப் பிடிச்சு நன்றி சொல்லணும். ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா எவன் தடுப்பான்? வரேன்மா!

—அய்யோ, அண்ணே, ஐயா, ஒரு நிமிஷம், அங்க வேண்டாம்... ஐயா!

—எதுக்கு இந்தக் கத்து கத்தறே? சாப்பாடு ஆறிப் போச்சு, அந்தக் கடையில ஒரே கூட்டம். ஆமா, யாருடி அது? வாசல்ல ஒருத்தர் என்னைக் கட்டிப்பிடிச்சு, உன் பொண்டாட்டி தெய்வம்னு சொல்லிட்டுக் கார்ல ஏறிப் பறக்கறார். பார்க்க அமைச்சர் ஜாடை.

—ஜாடை இல்லீங்க. அமைச்சரேதான்.

—நல்ல கதையா இருக்கே! கோவிச்சுக்கிட்டுப் போனவர் கட்டிப்பிடிச்சுட்டுப் போறார். என்னத்தைச் செஞ்சே?

—அன்னைக்கு ஜனங்க தட்டின கைத்தட்டலப் போட்டுக் காட்டினேன்.

—எந்தக் கைத்தட்டல்? அன்னைக்கு ஒரு மைக்கும் வெளிய இல்லையே. கூட்டத்துல எவனாவது இடிச்சு உடைச்சுடுவான்னு எல்லாத்தையும் நான்தானே பெட்டியில வச்சுப் பூட்டினேன்?

—ஆமா.

—அப்புறம்? ஏய், இந்தப் பொட்டலத்தைப் பிடி. என்ன, பிடிக்க மாட்டேங்கறே? கையக் காட்டு. காட்டுன்னா! அய்யோ, உள்ளங்கை ரெண்டும் இப்படிப் பழுத்துக் கிடக்கே!

—நீங்க காய்ச்சல்ல வீட்டுல படுத்திருந்தப்ப, அவருக்குப் போய்ச் சேரட்டும்னு செஞ்சேங்க. ஒவ்வொருத்தரா. கையுறை போட்டு, உப்புத்தாள் ஒட்டி, வளையல் மாட்டி, பாப்பாவுக்கு விரலை மட்டும் மடக்கி. ஒரு கைக்கு என் மோதிரத்தைக் கழட்ட மறந்துட்டேன். அத்தனை பேரும் ஒண்ணாச் சேர்ந்ததும் நானே பயந்துட்டேன். கூடம் நிறைய ஆளுங்க உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு.

—அடிப்பாவி! அப்ப அந்த மனுஷனை ஏமாத்திட்டியா?

—ஏமாத்தலீங்க. கூடத்துல இருந்தவங்க தட்டினாங்க, நான் ஓரமா நின்னு பார்த்தேன். கை ஆடுது, சத்தம் வரல. யார் எப்படித் தட்டினாங்களோ அப்படியே தட்டிக் குடுத்தேன். வாட்ச்மேன், ஆசாரி, பாப்பா, எல்லாம் கண்ணால பார்த்தது. நம்ம வேலையே அதுதானே?

—அதுவரைக்கும் சரி. எதுக்கு அவரை வேண்டாம் வேண்டாம்னு கத்தினே? இப்ப எங்க போறார்?

—நிதி அமைச்சர் வீட்டுக்கு. கை தட்டினதுக்கு நன்றி சொல்ல.

—ஓ, அவரும் தட்டினாரா? பரவாயில்லையே!

—அவர் ஒருத்தர்தாங்க கடைசி வரைக்கும் கையக் கட்டிக்கிட்டே உக்காந்திருந்தார்.